ஐப்பசியில் கடல் பார்த்த அறை எடுக்கலாமா?

கேள்வி: கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறோம். எங்கள் கல்யாண நாள் ஐப்பசி கடைசியில் வருகிறது. பிள்ளைகளைப் பாட்டி வீட்டில் விட்டுவிட்டு, நாங்கள் இருவர் மட்டும் தண்ணீர் ஓரமாக இரண்டு இரவு தங்க ஆசை. புதுச்சேரியா, பிச்சாவரமா? புதுச்சேரி விடுதி ஒன்றில் கடல் பார்த்த அறை ஓர் இரவுக்கு 7,600 ரூபாய். ரத்து செய்தால் பணம் திரும்பாது என்ற விலையில் அதே அறை 6,000. எடுத்துவிடலாமா?

பதில்: 6,000 ரூபாய் அறையை எடுக்காதீர்கள். ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை என்பது உங்கள் ஊருக்குப் புதிதல்ல. தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியது. நிவர், 2020 நவம்பர். ஃபெஞ்சல், 2024 நவம்பர் 30. புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. இந்தப் பருவத்தில் வாங்க வேண்டியது ரத்து வசதியைத்தான். விடுதி திறந்திருந்து, மழைக்குப் பயந்து நீங்கள் போகாமல் இருந்தால், திரும்பாத விலையில் கட்டிய பணத்தைக் கேட்டு வாங்குவது மிகவும் கடினம். 'இலவச ரத்து' என்று போட்டிருந்தாலும் எந்தத் தேதி, எத்தனை மணி வரை என்று பாருங்கள். ஏழு நாள் முன்பே முடிந்துவிடும் ரத்து வசதி புயலுக்கு உதவாது. 24 அல்லது 48 மணி நேரத்துக்கு முன்பு வரை இருப்பதைத் தேடுங்கள்.

கடல் பார்த்த அறைக்கான கூடுதல் பணமும் இந்த மாதத்தில் வீண்தான். நம் கரை கிழக்கு பார்த்தது. பருவக்காற்று வடகிழக்கிலிருந்து வருகிறது. சாரல் நேராக பால்கனிக்குள் அடிக்கும், கதவைத் திறக்கவே முடியாத நாட்கள் வரும். அதே விடுதியில் தெருப்பக்கமோ உள்முற்றமோ பார்த்த அறையை ரத்து வசதியோடு கேளுங்கள். மாடி அறையாக இருக்கட்டும். மின்சாரம் போனால் ஜெனரேட்டரில் ஏசியும் ஓடுமா, வெறும் விளக்கும் மின்விசிறியும்தானா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஜன்னலை மூடிய புழுக்கத்தில் ஏசி இல்லாமல் இரவு முழுக்க இருப்பது பெரும்பாடு.

கடல் பார்த்த அறைதான் வேண்டும் என்றால் விலையில் நூறு ரூபாய் குறைக்கச் சொல்லுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரையான அறைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். அதைத் தாண்டினால் 18. 7,600க்கு வரியோடு 8,968 ஆகும். 7,500 என்றால் 7,875தான். நூறு ரூபாய் இறங்கினால் இரவுக்கு 1,093 ரூபாய் மிச்சம்.

இடத்தைப் பொறுத்தவரை புதுச்சேரியே சரி, அதிலும் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, கடற்கரைப் பக்கம். காரணம் எளிது: மழை விட்ட அரைமணி நேரத்தில் கடற்கரைச் சாலைக்கு நடந்தே போய்விடலாம். மாலையில் அங்கே வண்டிகளை விடுவதில்லை, இருவர் கைகோத்து நடக்க அதைவிட நல்ல இடம் இந்தப் பக்கத்தில் இல்லை. மழை விடாவிட்டால் பாரதியார் வாழ்ந்த வீடு, அருங்காட்சியகம், காபிக்கடை எல்லாம் குடை தூரம். ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர், இந்திரா காந்தி சதுக்கம் பக்கம் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். பெருமழைக்குத் தண்ணீர் நிற்கும் பகுதிகள் அவை. ஊருக்கு வெளியே கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் 'பீச் ரிசார்ட்' என்றால், மணலுக்கு எத்தனை மீட்டர் என்று வரைபடத்தில் அளந்து பாருங்கள். அங்கே மழை பிடித்துக்கொண்டால் அறையிலேயே அடைபட வேண்டியதுதான். கடலில் இறங்குவது இந்த மாதங்களில் எங்குமே வேண்டாம், இழுவை பலமாக இருக்கும்.

பிச்சாவரத்தை நம்பி இரவு தங்காதீர்கள். காற்றோ மழையோ வலுத்தால் படகை நிறுத்திவிடுவார்கள். வானம் தெளிந்த ஒரு காலையில் சிதம்பரம் வழியாகப் போய் வாருங்கள்; உங்கள் ஊரிலிருந்து பகல் பயணத்துக்கு அடங்கும். துடுப்புப் படகு கேளுங்கள். மோட்டார் படகு அகலமான வாய்க்காலோடு திரும்பிவிடும், சுரபுன்னை கவிந்த குறுகிய சந்துகளுக்குள் துடுப்புப் படகுதான் நுழையும்.

தேதியை நகர்த்த முடியுமென்றால் புரட்டாசிக் கடைசி நல்லது. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்கும். அதற்கு முன் பெரும்பாலும் மாலையில் ஒரு மழையோடு போய்விடும். காந்தி ஜெயந்தி, ஆயுத பூஜை, தீபாவளி விடுமுறைகளையும், புதுச்சேரி விடுதலை நாளான நவம்பர் 1ஐயும் தவிர்த்து, திங்கள் முதல் வியாழனுக்குள் பாருங்கள், வாடகை குறையும். கிளம்பும் முன் துறைமுகத்தில் என்ன கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று செய்தியில் பாருங்கள். 1, 2 என்றால் புயல் தூரத்தில். ரத்து செய்யும் கெடு எப்போது முடிகிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். 3 ஏறினால் யோசிக்காமல் ரத்து செய்யுங்கள்.

கேள்வி: கடல் பார்த்த அறை என்று பணம் வாங்கிவிட்டு, பக்கத்துச் சுவர் தெரியும் அறையைக் கொடுத்தால்?

பதில்: பதிவு செய்யும்போதே அறையின் பெயரும் படமும் தெரியும் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அறைக்குள் நுழைந்ததும், பெட்டியைத் திறப்பதற்கு முன், ஜன்னலைப் படம் பிடித்து விடுதிக்கு வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ அனுப்புங்கள்; வாய்ப்பேச்சு நிற்காது. மாற்றித் தராவிட்டால் விலை வித்தியாசத்தை எழுத்தில் கேளுங்கள். அடுத்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதுவும் பலிக்காவிட்டால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு. விடுதி புதுச்சேரியில் இருந்தாலும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் கடலூரிலேயே போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது.