புது மாத்திரை ஆராய்ச்சியில் சேர்க்கப் பணம் கேட்கிறார்கள், கட்டலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 57 வயது, ஆறு வருடமாக முடக்குவாதம், சர்க்கரையும் உண்டு. மெத்தோட்ரெக்சேட் சாப்பிட்டும் விரல் வீக்கம் அடங்கவில்லை. வெளிநாட்டுப் புது மாத்திரைக்கு ஆராய்ச்சி நடக்கிறதாம், 40,000 ரூபாய் கட்டினால் பெயர் சேர்த்துவிடலாம் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். சேர்க்கலாமா டாக்டர்?

பதில்: ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். ஆராய்ச்சி மருந்துக்கும் அதற்கான பரிசோதனைகளுக்கும் செலவு செய்ய வேண்டியது நடத்துகிற கம்பெனி. அதற்கு நீங்கள் பணம் கொடுப்பதென்றால், கல்யாண வீட்டில் சாப்பிட டோக்கன் வாங்குகிற மாதிரி.

அந்த ஆளிடம் சிடிஆர்ஐ எண் கேளுங்கள், அதாவது இந்தியாவின் மருந்து ஆராய்ச்சிப் பதிவேட்டில் அதற்குக் கொடுத்த எண். இந்தியாவில் நடக்கும் மருந்து ஆராய்ச்சி எதுவானாலும் முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே அந்தப் பதிவேட்டில் ஏற்றியிருக்க வேண்டும், 2009 ஜூனிலிருந்து இது கட்டாயம். அதன் இணையதளத்தில் எண்ணைப் போட்டால் எந்த ஊரில், எந்த மருத்துவமனையில், யார் பொறுப்பு என்று வந்துவிடும். என்ன, எல்லாம் ஆங்கிலத்தில்தான் வரும். ஒப்புதல் படிவம் மட்டும் தமிழில் கொடுப்பார்கள், அதுவும் பக்கம் பக்கமாக, உயிரோடு இருக்கிற யாரும் பேசாத ஒரு தமிழில். இதைப் படித்துப் புரிந்துகொண்டுதான் அம்மா கையெழுத்துப் போட வேண்டுமாம்!

என்னிடம் வந்த ஒரு அம்மா, இப்படி ஒரு புரோக்கர் கொடுத்த 'ஆராய்ச்சி மாத்திரை'யை லேபிள் இல்லாத வெள்ளை டப்பாவில் கொண்டுவந்தார். மூன்றே நாளில் வீக்கம் வற்றிவிட்டதாம், முகம் மட்டும் உப்பியிருந்தது, சர்க்கரை 400-ஐத் தாண்டியிருந்தது. ஸ்டீராய்டு. வேறென்ன?

சரி, ஆராய்ச்சி நிஜம் என்றே வையுங்கள். புதுசு என்பதாலேயே நல்லது ஆகிவிடாது. டோஃபாசிட்டினிப் என்ற மாத்திரைக்கு 2012-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. உடம்புக்குள் "வீங்கு, வீங்கு" என்று போகிற சிக்னலைச் செல்லுக்குள்ளேயே மறிக்கும், ஊசியே வேண்டாம் என்று எல்லோரும் கொண்டாடினோம். அப்புறம் 50 வயது தாண்டி, இதயநோய்க்கான காரணம் ஒன்றாவது இருப்பவர்களை வைத்துப் வீக்கத்தைத் தூண்டும் டிஎன்எஃப் என்ற புரதத்தை அடக்கும் பழைய ஊசிகளோடு ஒப்பிட்டபோது மாரடைப்பு, ரத்தக்கட்டி, புற்றுநோய் இதில் கூடுதலாக வந்தன. மருந்துக் குறிப்பில் கறுப்புக் கட்டம் போட்டுத் தருகிற எச்சரிக்கையை 2021-இல் அமெரிக்காவில் இன்னும் கடுமையாக்கினார்கள். 57 வயது, சர்க்கரை: அது அப்படியே உங்கள் அம்மா. அதற்காக இந்த வகை மாத்திரையே அவருக்குக் கூடாது என்று நான் சொல்லவில்லை. டிஎன்எஃப் ஊசி போட்டுப் பார்த்தும் பலனில்லை, அல்லது ஒத்துக்கொள்ளவில்லை, மூட்டு அரித்துக்கொண்டே போகிறது, புகைக்கிற பழக்கமில்லை, காலில் ரத்தக்கட்டி வந்ததில்லை என்றால் கொடுப்போம், நானே கொடுத்திருக்கிறேன். ஆனால் எடுத்த எடுப்பில் அல்ல. ஊசியோ இந்த மாத்திரையோ, எதுவானாலும் முதலில் உள்ளே பதுங்கியிருக்கும் டிபிக்குச் சோதனை, அதைத் தவிர்க்கிற டாக்டரிடம் போகாதீர்கள்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு சந்தேகம். மெத்தோட்ரெக்சேட் கேட்கவில்லை என்கிறீர்களே, எவ்வளவு சாப்பிடுகிறார்? ஆறு வருடமாக வாரம் 7.5 மில்லிகிராமிலேயே நிற்கிறவர்களை நான் வாரம்தோறும் பார்க்கிறேன். கிட்னி, லிவர் நன்றாக இருந்தால் 20, 25 வரை போகலாம், கூட வேறு மாத்திரையும் சேர்க்கலாம். நீங்களாகக் கூட்டிவிடாதீர்கள், இது வாரத்துக்கு ஒருநாள் மாத்திரை, தினமும் விழுங்கி உயிருக்கே ஆபத்தானவர்கள் உண்டு. அட்டையையும் பழைய சீட்டையும் எடுத்துக்கொண்டு மூட்டு நோய் டாக்டரிடம் போங்கள், அந்த 40,000-இல் கால்வாசிகூட ஆகாது.