அந்தக் கடிதத்த அவள் வாசிக்கவே இல்ல

கேள்வி: நான் 90கள்ல திருகோணமலையில படிச்சவன், இப்ப டொரொண்டோவில இருக்கன். அந்தக்காலப் பள்ளிக்கூட வாழ்க்கை மாதிரி இனி வராது. டியூசன் முடிய சந்தியில சைக்கிளோட நிக்கிறது, கேர்ள்ஸ் ஸ்கூல் விடுற நேரம் பாத்துப் போறது, கடிதம் குடுக்கிறது, பின்னேரம் டச்பே கடற்கரை. இப்பத்தப் பொடியளுக்கு போன விட்டா ஒண்டுமில்ல, பாவமா இருக்கு. அடுத்த வருசம் எங்கட பேட்ச் ஊரில ஒன்றுகூடல் வைக்கிறம், அந்த நேரம் எங்களோட டியூசன்ல படிச்ச பிள்ளையளயும் கூப்பிடுறம். அது பொற்காலம் எண்டு நான் சொல்றது சரிதானே?
உவர்மலை வாசகர்

பதில்: அண்ணா, பாதிதான் சரி.

எனக்கும் அந்தக் காலத்தில ஆசை இருக்கு, அத மறைக்கமாட்டன். சிவராத்திரி முடிய கோணேசர் நகர்வலம் வாற இரவுகள நினைச்சா இப்பவும் நெஞ்சு நிறையுது. ஒழுங்கை முழுக்க தோரணம் கட்டி, வாசல்ல நிறைகுடம் வச்சு, சாமி எங்கட றோட்டுக்கு எப்ப திரும்பும் எண்டு பாத்துக்கொண்டு நிக்கிறது, மேளச்சத்தம் கிட்ட கேக்குது எண்டு ஓடிப்போய்ப் பாத்தா இன்னும் ரெண்டு றோட்டு அங்கால நிக்கும், திரும்ப வந்து படலையடியில கதைச்சுக்கொண்டு நிப்பம். இருட்டினாப் பிறகு ஒரு பொம்பிளைப் பிள்ளை வெளியில நிண்டு கூட்டாளியோட சிரிச்சாலும் ஒருத்தரும் ஏசாத நாள் எங்களுக்கு வருசத்தில அதுதான். மற்ற நாள்ல வெள்ளிக்கிழமைக் கோயில், அதுவும் கோயில் கோட்டைக்குள்ள எண்டபடியா கோட்டை வாசல்ல ஆமி செக்கிங் முடிஞ்சு, மான் மேயுற மரங்களுக்குள்ளால ஏறிப்போய், பூசை முடிஞ்ச உடன இறங்கிறது. எங்கட சோசல் லைஃப் அவ்வளவுதான்.

நீங்க கடிதம் குடுக்கிறது எண்டு ரெண்டு சொல்லில எழுதிப்போட்டுப் போறீங்க. அதில ஒரு கடிதத்தின்ர கதைய நான் சொல்றன்.

எங்கட வகுப்பில ஒருத்தி இருந்தாள், கணக்கில நாங்க எல்லாரும் அவளின்ர கொப்பியத்தான் பாத்து எழுதுவம், ஓஎல் சோதனை முடிய ஏஎல் வகுப்பில மேட்ஸ் படிக்கிறது எண்டு ஒன்பதாம் ஆண்டிலயே முடிவெடுத்திட்டாள். ஒரு நாள் டியூசனுக்கு வெளியில நிப்பாட்டியிருந்த அவளின்ர லுமாலா சைக்கிள் கரியரில ஆரோ ஒரு பொடியன் கடிதத்த வச்சிட்டுப் போயிருக்கிறான். சீஆர் கொப்பித்தாள், நாலா எட்டா மடிச்சு சதுரமாக்கி, கரியர் ஸ்பிரிங்குக்குக் கீழ செருகியிருந்தது. அவள் காணேல்ல. புத்தக பேக்க அதுக்கு மேல வச்சு வீட்ட ஓடிட்டாள். பின்னேரம் டயருக்குக் காத்தடிக்கிறதுக்கு சைக்கிள எடுத்த அண்ணன்தான் கண்டது, அண்ணன் கொண்டுபோய் அப்பாட்டக் குடுக்க, அப்பா வாசிச்சுப்போட்டு அடுப்பில போட்டிட்டார். அடுத்த கிழமை சைக்கிள் தம்பிக்குப் போச்சு. டியூசன் நிண்டிது. ஓஎல் எழுத விட்டாங்கள், கணக்கில டி வந்தது, அப்ப அதுதான் ஆகக்கூடின சித்தி, ஆனா ஏஎல்லுக்கு விடேல்ல. பத்தொன்பது வயசில கலியாணம்.

போன வருசம் பத்திரகாளி அம்மன் கோயிலடியில அவளக் கண்டன். பழைய கதையள் கதைச்சுக்கொண்டு நிக்கேக்க அவளாத்தான் சொன்னாள், "அதில என்ன எழுதியிருந்தது எண்டு இண்டைக்கும் எனக்குத் தெரியாதடி." ஆர் எழுதினது எண்டும் அவளுக்குத் தெரியாது. எழுதினவனும் தன்ர கடிதத்துக்குப் பதில் வரேல்ல எண்டுதான் நினைச்சிருப்பான், அவனின்ர நினைவில அது இண்டைக்கும் இனிப்பா இருக்கும்.

உங்களக் குற்றவாளியாக்கிறதுக்கு இத எழுதேல்ல அண்ணா. பதினேழு வயசுப் பொடியன் ஒரு பிள்ளைக்கு ஆசையா நாலு வரி எழுதிறது பிழையும் இல்ல. உங்களுக்கும் அந்தக் காலம் லேசா இருக்கேல்ல எண்டு தெரியும், ஆமிச் சுற்றிவளைப்பில அடையாள அட்டையக் கையில வச்சுக்கொண்டு வெயில்ல வரிசையில இருந்தது நீங்கதான். நான் கோபப்படுறது அந்தத் தாளுக்காக அவளின்ர படிப்பு முழுக்கவும் போகலாம் எண்டு முடிவெடுத்த பெரியாக்களில. எங்கட ஊரில இந்துக் கல்லூரி தொடங்கினது 1897ல. பொம்பிளைப் பிள்ளையளும் படிக்கவேணும் எண்டு தங்கம்மா சண்முகம்பிள்ளை எண்ட அம்மா சண்முக வித்தியாலயத்தத் தொடங்கினது 1923ல. நான் அங்க படிக்கேல்ல, ஆனா அந்தம்மா திறந்த வழியாலதான் நாங்க எல்லாரும் வந்தம். எழுபது வருசம் கழிச்சும், ஒரு பிள்ளை தான் காணாத கடிதத்துக்காக வீட்டில இருக்கவேண்டி வந்திட்டுது எண்டா அந்தக் காலத்துக்கு பொற்காலம் எண்டு பேர் வைக்க எனக்கு மனம் வரேல்ல.

மற்றது, இப்பத்தப் பிள்ளையள் கடற்கரைய விட்டுட்டு போனுக்குள்ள கிடக்கிறாங்கள் எண்டு சொல்றீங்க. 2006 ஜனவரி 2ஆம் திகதி அந்தக் கடற்கரையிலதான் பின்னேரம் கதைச்சுக்கொண்டு இருந்த அஞ்சு மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டாங்கள். நீங்க கனடாவில இருந்து செய்தியில பாத்திருப்பீங்க. இங்க எத்தினையோ வீட்டில அதுக்குப் பிறகு பொடியள ஆறு மணிக்கு முன்னம் உள்ள கூப்பிட்டுப் படலையப் பூட்டினாங்கள். அப்பிடிப் பூட்டின படலைக்குள்ள வளந்த பிள்ளையள்தான் இண்டைக்கு அப்பா அம்மா. அவங்கள் தங்கட பிள்ளைய வீட்டோட வச்சிருக்கப் பாக்கிறதுக்கும் அந்தப் பிள்ளை போன நோண்டுறதுக்கும் காரணம் அங்க இருந்து வருது, அதால பாவம் எண்டு சொல்லாதீங்க. அதோட போன்ல வாற மெசேஜ அந்தப் பிள்ளை தானே வாசிக்குது. விருப்பம் எண்டா பதில் போடுது, விருப்பமில்லாட்டி பிளாக் பண்ணுது. என்ர கூட்டாளிக்கு அது கிடைக்கேல்ல.

ஒன்றுகூடல் கட்டாயம் வையுங்க. எங்கள மாதிரி ஆக்களயும் கூப்பிடுறது பெரிய சந்தோசம், உண்மையாத்தான் சொல்றன். ஆனா ஹோட்டல்ல நைட் டின்னர் எண்டு போடாதீங்க, ஒருத்தியும் வரமாட்டாள். பகல்ல வையுங்க, பிள்ளையள், பேரப்பிள்ளையள் எண்டு கூட்டிக்கொண்டு வரலாம் எண்டு கார்ட்டிலயே எழுதுங்க. மேடையில உங்கட பேட்ச் மட்டும் ஏறிக் கதைக்காம மைக்க அவங்களிட்டயும் குடுங்க. அந்தக் கூட்டாளிக்கு அழைப்பிதழ நான் கொண்டுபோய்க் குடுக்கிறன், அவளின்ர பேரப் போட்டு, அவளின்ர கையிலயே.