டேவிஸ் பல்கலைக்கழகம்: கேள்வி பதில்

டேவிஸ் விவசாயக் கல்லூரியா, பல்கலைக்கழகமா?

அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலத்தில் இருக்கும் பல்கலைக்கழகம் இது. ஆனால் தொடக்கம் பண்ணைதான். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் வேளாண்மை படித்த மாணவர்கள் வயலில் இறங்கிப் பழக ஒரு பண்ணை வேண்டும் என்று 1905-இல் கலிஃபோர்னியா அரசு சட்டம் போட்டது. 1948-இல் கால்நடை மருத்துவப் பள்ளி வந்தது. 1959-இல் முழுப் பல்கலைக்கழக வளாகமானது. இன்று மருத்துவம், சட்டம் எல்லாம் உண்டு. ஆனாலும் மாணவர் விடுதிக்குப் பக்கத்திலேயே மாட்டுக்கொட்டகை இருக்கிறது.

நாமக்கல்லில் பி.வி.எஸ்சி. முடித்தேன் அண்ணா. அங்கே கால்நடை மருத்துவராக முடியுமா?

முடியும் தம்பி, ஆனால் நேராக முடியாது. அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் அங்கீகாரப் பட்டியலில் இந்தியக் கல்லூரி எதுவும் இல்லை. அதனால் ஈ.சி.எஃப்.வி.ஜி. அல்லது பேவ் என்ற தகுதித் தேர்வு வழியில் போக வேண்டும். நேவ்லி (NAVLE) என்ற உரிமத் தேர்வும் மாநில உரிமமும் தனி. ஆராய்ச்சிதான் விருப்பம் என்றால் பிஎச்.டி. பாருங்கள், அதற்குப் பெரும்பாலும் உதவித்தொகை கிடைக்கும். ஏஜெண்டுக்குப் பணம் கட்டாதீர்கள். விருப்பமான துறைப் பேராசிரியருக்கு நீங்களே எழுதுங்கள்.

ஃபீஸ் எவ்வளவு?

வருஷா வருஷம் மாறுகிறது. பல்கலைக்கழக இணையதளத்தில் பாருங்கள்.

தக்காளி பறிக்கும் இயந்திரம் அங்கேதான் பிறந்ததாமே?

ஆமாம். கோபி லோரன்சன் என்ற பொறியாளர் இயந்திரத்தை உருவாக்கினார். ஜாக் ஹன்னா என்ற பயிர்ப் பெருக்க அறிஞர் அதற்கு ஏற்ற தக்காளியை உருவாக்கினார். இயந்திரம் செடியை அடியோடு வெட்டித் தூக்கி உலுக்கும். அதனால் காய்கள் ஒரே சமயத்தில் பழுக்க வேண்டும், அடி தாங்க வேண்டும், உலுக்கினால் காம்பிலிருந்து கழல வேண்டும். செடியையும் இயந்திரத்தையும் சேர்த்தே வடிவமைத்த அந்த யோசனை எனக்கு இன்றும் வியப்புதான்.

ஆனால் இயந்திரத்தின் விலை அதிகம். பெரிய பண்ணைக்குத்தான் கட்டுப்படியானது. 1960-களின் தொடக்கத்தில் சுமார் 4,000 பேர் தக்காளி பயிரிட்டார்கள். 1973-இல் சுமார் 600 பேர்தான். மக்கள் பணத்தில் நடந்த ஆராய்ச்சி இது. அதனால்தான் 1979-இல் தொழிலாளர்களுக்காகப் பல்கலைக்கழகத்தின் மேல் வழக்குப் போட்டார்கள்.

இயந்திரம் வராவிட்டால் தக்காளித் தொழிலே மெக்சிகோவுக்குப் போயிருக்கும். அதைச் சொல்லவில்லையே?

நியாயமான கேள்வி. மெக்சிகோவிலிருந்து ஆள் கொண்டுவந்த பிரசேரோ திட்டம் 1964-இல் முடிந்தது. ஆள் பற்றாக்குறை பயம் உண்மைதான். இன்று அமெரிக்காவின் பதப்படுத்தும் தக்காளியில் 90 சதவீதத்துக்கு மேல் கலிஃபோர்னியாவில்தான் விளைகிறது. தொழில் பிழைத்தது, சரி. பிழைத்தவர்கள் யார் என்பதுதான் என் கேள்வி. வேலை போனவர்களைப் பற்றி யோசிக்கும் பொறுப்பு ஆராய்ச்சி செய்தவர்களுக்கும் உண்டு.

கோர்ட்டே தள்ளிவிட்டதே, அப்புறம் என்ன?

முழுசாகப் பாருங்கள். 1987-இல் கீழ் நீதிமன்றம் பல்கலைக்கழகத்துக்கு எதிராகத் தீர்ப்பு சொன்னது. 1989-இல் மேல்முறையீட்டில் அது ரத்தானது. சட்டப்படி தப்பில்லை என்றார்கள். சிறு விவசாயிக்கு நஷ்டமே இல்லை என்று அதற்கு அர்த்தம் இல்லை.

நம் டெல்டாவிலும் நெல் அறுவடை இயந்திரம் வந்துவிட்டதே. அதையும் குறை சொல்வீர்களா?

இயந்திரத்தைக் குறை சொல்லவில்லை ஐயா. டெல்டாவில் அதை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கலாம். ஒரு ஏக்கர்காரரும் அறுக்கிறார். கூலிக்கு அறுத்த பெண்களுக்கு வேலை குறைந்தது. அதற்கு மாற்று ஏற்பாடு செய்வதும் வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலைதான் என்கிறேன்.

திராட்சை, ஒயின் படிப்பு உண்டா?

உண்டு. உலகப் பெயர் பெற்ற துறை. என் துறை அல்ல.

ஏஜெண்ட் மூலம் சீட் வாங்கலாமா?

மேலே சொல்லிவிட்டேன். வேண்டாம்.

ஃபீஸ் தோராயமாகவாவது…

இணையதளம்.