சோதனை நிரலும் கம்பைலர் எச்சரிக்கையும்: கேள்வி பதில்

(கம்பைலர் என்பது நாம் எழுதும் நிரலைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றும் மென்பொருள்; ஐயமான வரிகளைக் கண்டால் எச்சரிக்கும். கேட்டவர்களை ஊர்ப் பெயரால் குறித்திருக்கிறேன்.)

கல்லடி: அண்ணா, வாடிக்கையாளரிடம் போவது மூல நிரல் மட்டும்தானே. சோதனை நிரலுக்கு எச்சரிக்கை எதற்கு?

பதில்: மூல நிரல் பிழைத்தால் சோதனை காட்டிக்கொடுக்கும். சோதனையே பிழைத்தால்? கம்பைலரை விட்டால் ஆளில்லை. அம்பாறைப் பக்கம் ஓர் அரிசி ஆலைக்கு, நெல்லின் ஈரத்துக்கு நிறை கழிக்கும் நிரலைச் சி மொழியில் எழுதினேன். கழிவைச் சரிபார்க்க, அதே கோப்புக்குள் மட்டும் பெயர் சொல்லி அழைக்கக்கூடிய ஒரு ஸ்டாட்டிக் ஃபங்ஷனும் எழுதினேன். அதை, நிரல் ஓடத் தொடங்கும் மெயினிலிருந்து அழைக்க மறந்துவிட்டேன். பெரும்போகம் முழுவதும் 'எல்லாச் சோதனையும் சரி' என்றே திரை சொன்னது. ஆலையில் நிறை பிழைத்த பிறகுதான் சோதனைக் கோப்புறைக்கும் டபிள்யூ-ஆல் (-Wall, எச்சரிக்கைகளை இயக்கும் கம்பைலர் தெரிவு) கொடுத்தேன். ஒரே வரி வந்தது: 'வரையறுக்கப்பட்டுள்ளது, பயன்படுத்தப்படவில்லை'. முதல் நாளே கொடுத்திருந்தால் முதல் நாளே வந்திருக்கும்.

காத்தான்குடி: சி++ இல் சோதனை நூலகத்தின் ஒப்பீட்டுக்குள் வெக்டரின் (மதிப்புகளின் பட்டியல்) அளவை 3 உடன் ஒப்பிட்டால், குறியுள்ள எண்ணையும் குறியற்ற எண்ணையும் ஒப்பிடுவதாகப் பக்கம் பக்கமாக எச்சரிக்கை வருகிறது.

பதில்: 3யூ (3u, குறியற்ற 3) என்று எழுதுங்கள்.

ஏறாவூர்: அசர்ட்டுக்குள் (நிபந்தனை பொய்யானால் நிரலை நிறுத்தும் வரி) மட்டும் வரும் மாறியை, வெளியீட்டுக்கான ரிலீஸ் அமைப்பில் 'பயன்படாத மாறி' என்கிறது. மாறியைப் பயன்படுத்தியதாகக் காட்டும் வாய்ட் போட்டு எச்சரிக்கையை அடக்கிவிட்டேன். சரிதானே?

பதில்: சரியில்லை தம்பி, உடனே எடுத்துவிடுங்கள். நிரலைக் கட்டியெழுப்ப உதவும் சிமேக், தன் ரிலீஸ் அமைப்பில் அசர்ட்டை அணைக்கும் என்டீபக்கைத் (NDEBUG) தானாகவே சேர்க்கும். என்டீபக் இருந்தால் அசர்ட் வெற்று வரி. உங்கள் சோதனை எதையும் சோதிக்கவில்லை என்று கம்பைலர் சொல்லியிருக்கிறது. நீங்கள் அதன் வாயைப் பொத்திவிட்டீர்கள். எந்த அமைப்பிலும் ஒப்பிட்டுப் பார்க்கும் சோதனை நூலகத்துக்கு மாறுங்கள்.

சம்மாந்துறை: எச்சரிக்கையைப் பிழையாக்கி நிறுத்தும் டபிள்யூ-எரர் (-Werror) போட்டால், ஜிசிசி கம்பைலரைப் புதுப்பிக்கும் நாளில் வேலை நின்றுவிடுகிறதே.

பதில்: உண்மை. புதிய பதிப்புகள் டபிள்யூ-ஆலுக்குள் புதிய எச்சரிக்கைகளைச் சேர்க்கின்றன. ஆகவே குழுவின் பொதுக் கணினியில் மட்டும், ஒரே பதிப்பை வைத்துக்கொண்டு போடுங்கள்.

சம்மாந்துறை: எச்சரிக்கையாகவே விட்டால் என்ன? பார்ப்பவர் பார்த்துத் திருத்துவார்.

பதில்: பார்க்க மாட்டார். 400 எச்சரிக்கை ஓடும் திரையில் 401ஆவது யார் கண்ணில் படும்? ஒவ்வொரு கோப்புறையாகத் துப்புரவாக்கி, முடிந்ததற்கு டபிள்யூ-எரர் போடுங்கள்.

சம்மாந்துறை: பிறர் எழுதிய நூலகத்தையும் நானா துப்புரவாக்குவது?

பதில்: வேண்டாம். அதன் தலைப்புக் கோப்புகளை ஐசிஸ்டம் (-isystem) என்ற கம்பைலர் தெரிவின் வழியாகச் சேருங்கள். அவற்றைப் பற்றிக் கம்பைலர் பேசாது.

களுவாஞ்சிகுடி: டபிள்யூ-ஆல் என்றால் எல்லாமும் அடக்கம்தானே?

பதில்: பெயர் மட்டும்தான் அப்படி. டபிள்யூ-எக்ஸ்ட்ராவையும் கொடுங்கள். வெளி மாறியின் பெயரை உள் மாறி மறைப்பதை ஜிசிசியில் இவை இரண்டுமே சொல்லாது. அதற்கு டபிள்யூ-ஷேடோ தனியாக வேண்டும்.

அக்கரைப்பற்று: ஜாவாவில் எப்படி?

பதில்: ஜாவாவில் வேலை செய்பவரிடம் கேளுங்கள்.

வாழைச்சேனை: சோதனை நிரல்தானே, எச்சரிக்கையை அணைத்துவிடலாமா?

பதில்: கல்லடிக்குச் சொன்னதைப் படியுங்கள். அணைக்காதீர்கள்.

சம்மாந்துறை: இப்போது டபிள்யூ-ஆல் கொடுத்துப் பார்த்தேன். 'தொகை == 1500;' என்ற வரியில் 'கூற்றால் விளைவில்லை' என்கிறது.

பதில்: அந்த வரி ஒப்பிட்டுவிட்டு விடையை எறிந்துவிடுகிறது. தொகை என்னவாக இருந்தாலும் உங்கள் சோதனை சரி என்றே வரும். நூலகத்தின் ஒப்பீட்டுக்குள் அதை வைத்து மறுபடியும் ஓட்டுங்கள். வந்த தொகையை இங்கே எழுதுங்கள், காத்திருக்கிறேன்.