சென்னை - சிங்கப்பூர்: நாலு மணி நேரமா, ஆறே முக்கால் மணி நேரமா?

சகோ, டிக்கெட்டைப் பார்த்தால் ஆறே முக்கால் மணி நேரம் வருகிறதே, அம்மாவின் சிங்கப்பூர் விமானம் நடுவில் எங்காவது நிற்குமா என்று கேட்டிருந்தீர்கள். பயப்பட வேண்டாம், எங்கும் நிற்காது. இரவு 11.15-க்குக் கிளம்பி காலை 6.00-க்கு இறங்குகிறது என்றால் கழித்துப் பார்க்க 6.45 வரும்தான். ஆனால் 11.15 நம்ம ஊர் நேரம், 6.00 சிங்கப்பூர் நேரம். அவர்கள் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். அதைக் கழித்தால் 4.15 மணி நேரம், அவ்வளவுதான். திரும்பும்போது இதுவே தலைகீழ்: இரவு 8.00-க்கு ஏறினால் 9.45 போல மீனம்பாக்கத்தில் இருப்பார், ஏதோ பக்கத்து ஊரிலிருந்து வந்த மாதிரி.

நேர்க்கோட்டுத் தூரம் சுமார் 2,900 கி.மீ. 850 கி.மீ. வேகத்துக்கு மூன்றரை மணி நேரம்கூட ஆகாதே என்று கேட்டிருந்தீர்கள். ஓடுதளம் வரை ஊர்ந்து போவது, மேலேறுவது, சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இறங்க வரிசையில் காத்திருப்பது எல்லாம் டிக்கெட் நேரத்துக்குள் அடக்கம்.

என்னைக் கேட்டால் நம்ம வடசென்னைப் பக்கத்து ஆட்களுக்கு வானத்தைவிடத் தரைதான் வில்லங்கம். திருவொற்றியூரிலிருந்து கார் வேண்டாம்; கன்டெய்னர் லாரி வரிசையில் மாட்டினால் அவ்வளவுதான். விம்கோ நகர் மெட்ரோ மாறாமல் நேரே ஏர்போர்ட் போகிறது. எட்டு மணிக்கு அங்கே இருக்கிற மாதிரி கிளம்புங்கள்.

அப்புறம், சிங்கப்பூர் வருகை அட்டையை இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் ஆன்லைனில் நீங்களே நிரப்பிவிடுங்கள். அது இலவசம், காசு கேட்கும் தளம் என்றால் மூடிவிடுங்கள்.