பத்து வயது மகளிடம் போதைப் பொருள் பற்றிப் பேசலாமா? கேள்வி பதில்

பள்ளி ஆலோசகராகப் பல ஆண்டுகள் 9 முதல் 12 வயதுப் பெண் பிள்ளைகளோடு இருந்திருக்கிறேன். பெற்றோரும் ஆசிரியர்களும் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி (ஒரு தாய்): மகளுக்குப் பத்து வயது. இப்போதே பேசினால், தெரியாததை நாமே தெரிய வைத்ததாக ஆகிவிடாதா?

பதில்: ஆகாதும்மா. பேச வேண்டிய வயதே இதுதான். இன்னும் இரண்டு மூன்று வருடத்தில் உங்கள் சொல்லைவிடத் தோழிகளின் சொல் பெரிதாகிவிடும். ஆனால் ஹெராயின், கோகெய்ன் என்று தொடங்க வேண்டாம். இந்த வயதில் முதலில் கைக்கு எட்டுவது வீட்டில் இருப்பவைதான்: வைட்னர், பசை, பெயின்ட் தின்னர், இருமல் மருந்து, தாத்தாவின் தூக்க மாத்திரை. முகர்ந்து பார்ப்பதைப் பிள்ளைகள் விளையாட்டாக நினைக்கிறார்கள். முதல் முறை முகர்ந்ததிலேயே இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிர் போனதுண்டு. மின்சாரத்தில் கை வைக்காதே என்று எப்படிச் சொல்வீர்களோ, அதே குரலில் இதையும் சொல்லுங்கள். மாத்திரைகளைப் பூட்டி வையுங்கள்.

கேள்வி (ஓர் ஆசிரியை): ஆண்டுக்கொரு முறை காவல்துறை அதிகாரியை அழைத்துக் கூட்டம் நடத்துகிறோம். போதுமா?

பதில்: போதாது. 1983இல் லாஸ் ஏஞ்சலஸில் காவலர்களே வகுப்பெடுக்கும் 'டேர்' திட்டம் தொடங்கி, அமெரிக்கா முழுக்கப் பரவியது. பிறகு ஆராய்ந்து பார்த்தால், அதில் படித்த பிள்ளைகளுக்கும் படிக்காதவர்களுக்கும் போதைப் பழக்கத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. கடைசியில் பாடத்திட்டத்தையே மாற்ற வேண்டி வந்தது.

பலன் தருவது பழகிப் பார்ப்பதுதான். "ஒரு தடவை இழுத்துப் பாரேன்" என்று தோழி சொல்வதாக வைத்து, மறுப்பதை வகுப்பில் நடித்துப் பார்க்கட்டும். வாயடைத்து நிற்கும் பிள்ளைதான் மாட்டிக்கொள்கிறாள். சொல்லிப் பழகியவளுக்கு அந்த நேரத்தில் வார்த்தை வரும். பெண் பிள்ளைகளுக்காக அமெரிக்காவில் இயங்கும் 'கேர்ள்ஸ் இன்க்' அமைப்பின் திட்டத்தில் 11 முதல் 14 வயதுப் பெண்கள் முதலில் தாங்கள் கற்று, அப்புறம் சிறியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. தான் சொல்லிக்கொடுத்ததைத் தானே மீற அவ்வளவு எளிதில் மனம் வராது.

கேள்வி: பெண் பிள்ளைகளுக்கு என்று தனியாக ஏதாவது இருக்கிறதா?

பதில்: இருக்கிறது. மனச்சோர்வு, பதற்றம், உடல் பருமன் பற்றிய கவலை ஆகியவை பெண்களைப் பழக்கத்தின் பக்கம் தள்ளுவது அதிகம். புகைத்தால் உடல் மெலியும் என்று நம்பித் தொடங்குபவர்கள் உண்டு. சீக்கிரம் பருவமடைந்த பிள்ளைகள் மீது கூடுதல் கவனம் வேண்டும். உருவத்தைப் பார்த்துத் தன்னைவிட மூத்தவர்கள் சேர்த்துக்கொள்கிறார்கள், மனசு மட்டும் இன்னும் பதினொரு வயதிலேயே இருக்கிறது.

கேள்வி (ஒரு தாய்): என்னிடம் அவள் மனம் விட்டுப் பேசுவதே இல்லை. நான் என்ன செய்ய?

பதில்: அறிவுரையை நிறுத்தி, சேர்ந்து ஏதாவது செய்யுங்கள். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஸ்டீவன் ஷின்கி குழு, தாயும் மகளும் வீட்டில் கணினி முன் சேர்ந்து உட்கார்ந்து செய்யும் பயிற்சியை உருவாக்கியது. மன அழுத்தத்தைச் சமாளிப்பது, ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்பது, வீட்டு விதிகளைப் பேசி முடிவு செய்வது, இவ்வளவுதான். 2009இல் வெளியான அவர்களின் ஆய்வுகளில், பயிற்சி பெற்ற மகள்களிடம் மதுப் பழக்கம் குறைவாக இருந்தது. 10 முதல் 14 வயதுப் பிள்ளைகளின் குடும்பங்களுக்கான இன்னொரு திட்டத்தில், 7 வாரம், முதல் ஒரு மணி நேரம் பெற்றோரும் பிள்ளைகளும் தனித்தனியாக, அடுத்த மணி நேரம் ஒன்றாக உட்காருவார்கள். வகுப்பு இல்லாவிட்டாலும் தினமும் இருபது நிமிடம், கைப்பேசியை வைத்துவிட்டு, அவள் பேசுவதைக் கேளுங்கள். நடுவில் திருத்தாதீர்கள்.

கேள்வி (ஒரு தந்தை): மாலையில் நான் குடிப்பேன். எந்த வாயால் மகளிடம் வேண்டாம் என்பது?

பதில்: கேட்டதற்கே நன்றி ஐயா. மறைக்க வேண்டாம், அவளுக்கு ஏற்கெனவே தெரியும். "அலுப்பு தீரக் கொஞ்சம்" என்கிற பேச்சை மட்டும் இன்றே விடுங்கள். கஷ்டத்துக்கு மருந்து இதுதான் என்று அவள் கற்பது அந்தச் சொல்லில்தான். பாட்டிலை எடுத்து வரச் சொல்லாதீர்கள், ருசி பார்க்க ஒரு சொட்டும் தராதீர்கள். விட நினைத்தும் முடியவில்லை என்றால் சிகிச்சைக்குப் போங்கள். போவதை அவளிடமும் சொல்லுங்கள்.