வெஸ்பாவில் 160 தொட வேண்டுமா? முதலில் டயரின் ஓரத்தைப் படியுங்கள்

"என்னிடம் நன்றாகப் புதுப்பித்த வெஸ்பா பிஎக்ஸ் 200 இருக்கிறது. அதில் ஒருமுறையாவது 160 கி.மீ. வேகத்தைத் தொட ஆசை. எந்த சிலிண்டர் கிட் வாங்கலாம், எத்தனை மி.மீ. கார்புரேட்டர் போடலாம்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

ஆசை நியாயமானதுதான். முடியாத காரியமும் இல்லை. ஆனால் சிலிண்டரில் கை வைத்துத் தொடங்காதீர்கள். இந்த வேலை தரையிலிருந்து மேலே போக வேண்டும்: டயர், பிரேக், அப்புறம்தான் இன்ஜின்.

இப்போதே போய் உங்கள் டயரின் ஓரத்தைப் பாருங்கள். 3.50-10 என்று அளவு இருக்கும். பக்கத்தில் ஓர் எண்ணும் எழுத்தும் இருக்கும். பெரும்பாலும் அந்த எழுத்து 'ஜே'. அதாவது 100 கி.மீ. வரை மட்டும். இந்தச் சின்னச் சக்கரம் 160-ல் நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,000 முறை சுற்றும். அதற்கு 180 கி.மீ. வரை தாங்கும் 'எஸ்' டயர் வேண்டும். அதே ஓரத்தில் நான்கு இலக்கத் தேதியும் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. ஐந்தாறு வருடம் தாண்டியிருந்தால், டயரின் மேல் பட்டன் தேயாமல் இருந்தாலும் மாற்றிவிடுங்கள். ரப்பர் இறுகியிருக்கும். டியூப் பஞ்சரானால் காற்று ஒரே மூச்சில் போய்விடும். ஆகவே டியூப்லெஸ் ரிம்முக்கு மாறுவது நல்லது.

அடுத்து பிரேக். 80-ல் போகும் வண்டியை நிறுத்துவதைவிட 160-ல் நிறுத்த நான்கு மடங்கு ஆற்றலை வெப்பமாக மாற்ற வேண்டும். டிரம் பிரேக் ஒருமுறை பிடிக்கும். சூடேறிய பிறகு இரண்டாம் முறை லீவர் கைப்பிடி வரை வந்துவிடும். முன்பக்கம் டிஸ்க் இல்லாமல் இந்த முயற்சியில் இறங்கவே வேண்டாம்.

சரி, வேகத்துக்கு வருவோம். உங்கள் வண்டி ஒரிஜினலாகச் சுமார் 12 குதிரைத்திறனில் 110 கி.மீ. பக்கம் போகும். இங்கே எதிரி காற்று. வேகம் இரு மடங்கானால் காற்றைக் கிழிக்கத் தேவையான திறன் எட்டு மடங்காகிறது. அந்தக் கணக்கில் 110-லிருந்து 160-க்குப் போக மூன்று மடங்கு, அதாவது 36, 37 குதிரைத்திறன் வேண்டும். கியர் விகிதத்தை மாற்றாவிட்டால், நிமிடத்துக்கு 6,000 சுழற்சிக்குள் முழுத் திறனையும் கொடுத்துவிடும் இன்ஜின் 8,000-ஐத் தாண்டிச் சுற்ற வேண்டும்.

1951-ல் வெஸ்பா தன் 125 சிசி சாதனை வண்டியில் 171 கி.மீ. வேகத்தைத் தொட்டது. அதே ஆண்டு ரோமோலோ ஃபெர்ரி, காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் சூப்பர்சார்ஜர் பொருத்திய 125 சிசி லாம்ப்ரெட்டாவில் 201 கி.மீ. தொட்டார். இன்ஜின்கள் சாதாரணமானவை அல்ல, உண்மைதான். ஆனால் அந்த வண்டிகளின் உருவத்தைப் பாருங்கள்: ஓட்டுபவரையும் சேர்த்து மூடிய குண்டு போன்ற கூடு. நமக்கோ முழங்காலுக்கு முன்னால் லெக் ஷீல்ட் என்ற அகலத் தகடு கப்பல் பாய்போல நிற்கிறது. அதை வெட்டிவிடலாமே என்று தோன்றும். லாம்ப்ரெட்டாவில் குழாய்ச் சட்டம் இருப்பதால் லெக் ஷீல்டைக் கழற்றலாம். வெஸ்பாவில் அந்தத் தகடுதான் வண்டியின் எலும்பு. வெட்டினால் பாடி முறுக்கிக்கொள்ளும், அதிவேகத்தில் ஹேண்டில் ஆடத் தொடங்கும். அதைத் தொடாதீர்கள், நீங்கள் குனிந்து ஓட்டுங்கள்.

இப்போது கேட்ட கேள்விக்குப் பதில். வார்ப்பிரும்பு வேண்டாம், அலுமினிய சிலிண்டர் வாங்குங்கள். சூட்டை விரைவாக வெளியேற்றும். மலோசி என்ற இத்தாலிய நிறுவனத்தின் 210 சிசி கிட் நல்ல தேர்வு. பிஸ்டனை ஆட்டும் கிராங்க் தண்டை 57 மி.மீ. ஸ்ட்ரோக்கிலிருந்து (பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம்) 60-க்கு மாற்றினால் 221 சிசி கிடைக்கும். கார்புரேட்டர் 24-லிருந்து 30 மி.மீ. சைலன்சரையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். பொறுமையாகக் கட்டிய இத்தகைய இன்ஜின் 20 குதிரைத்திறனைத் தரும். மேலே சொன்ன கணக்குப்படி 130 கி.மீ. நான் அங்கேயே நிறுத்தச் சொல்வேன். 160 வேண்டுமென்றால் அது அடிக்கடி பிரித்துக் கட்ட வேண்டிய பந்தய இன்ஜின். பொதுச் சாலையில் அல்ல, மூடிய தடத்தில், முழு தோல் உடையோடு மட்டும்.

வெஸ்பாவில் இருப்பது டூ ஸ்ட்ரோக், அதாவது பெட்ரோலோடு ஆயிலும் கலந்து எரியும் இன்ஜின். அதில் பலரும் பயப்படுவது ஆக்சிலேட்டரை முறுக்கும்போது. ஆபத்து அதை விடும் நொடியில் இருக்கிறது. இன்ஜின் இன்னும் வெறியோடு சுற்றிக்கொண்டிருக்கும், ஆனால் பெட்ரோலும் அதோடு வரும் ஆயிலும் நின்றுவிடும். ஒருமுறை பந்தயத் தடத்தில் நேர்ப்பாதை முடியும் இடத்தில் ஆக்சிலேட்டரை மூடினேன். பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டது. இரண்டு விரல் கிளட்ச் மேல் இருந்ததால் பிழைத்தேன். பிரித்துப் பார்த்தால் பிஸ்டனில் சைலன்சர் பக்கம் கட்டைவிரல் அகலத்துக்கு அலுமினியம் இழுபட்டு, ரிங்கின் மேல் பூசியதுபோல் ஒட்டியிருந்தது. கிராங்க் தண்டைச் சுற்றி அடைக்கும் ரப்பர் சீலில் முடி அளவு விரிசல், அதன் வழியாக உள்ளே போன காற்றால் பெட்ரோலும் ஆயிலும் போதாமல் போனது, அவ்வளவுதான் காரணம். அன்றிலிருந்து கிளட்ச்சிலிருந்து விரலை எடுப்பதில்லை. சீல், கேஸ்கட் எதையும் பழையதாகப் போடுவதுமில்லை.

கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் துளைதான் ஜெட். அதைப் பெரியதில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். முழு வேகத்தில் கிளட்ச்சைப் பிடித்து, அதே நொடியில் இன்ஜினை அணைத்து, ஓரங்கட்டி பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். இளம் பழுப்பாக இருந்தால் சரி. வெள்ளையாக இருந்தால் பெட்ரோல் போதவில்லை; ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாமல் பெரிய ஜெட்டுக்கு மாற்றுங்கள். வேகத்தை ஜிபிஎஸ்ஸில் அளந்து பாருங்கள். ஸ்பீடோமீட்டர் கூட்டிக் காட்டும். அப்புறம் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன் பின்சக்கர நட்டையும் அதைப் பூட்டும் பின்னையும் பாருங்கள். வெஸ்பாவில் கியர்பாக்ஸ் தண்டிலேயே சக்கரம் உட்கார்ந்திருக்கிறது. அதைப் பிடித்து வைத்திருப்பது அந்த ஒரு நட்டுதான்.